“சீசன் எப்படி?”: மொரீசியஸ் தென்கிழக்குக் கரையின் சின்னச் சுற்றுலாத் தொழில்காரர்களும் அவர்கள் நம்பிக்கையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாயேபூர் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து அறை உள்ள ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். கொழுந்தன் புளூ பேயில் படகு ஓட்டுகிறார், அடியில் கண்ணாடி வைத்துப் பவளப்பாறை காட்டுகிற படகு. கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சீசன் எப்படி? “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு நகரலாம், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் எஞ்சின் கடன், ஆள் சம்பளம், காற்று, யூரோ விலை, வராத பாக்கி எல்லாம் அடங்கியிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படகுக்காரர், டாக்ஸிக்காரர், விடுதிக்காரர், வீட்டுச் சாப்பாடு போடுகிறவர் எல்லோரையும் சேர்த்துத்தான் இங்கே சின்னத் தொழில்காரர் என்கிறேன்.

வியாபார நம்பிக்கை என்கிறார்களே, மனசில் இருப்பதை எப்படி அளப்பது?

அளக்கிற முறை எளிது. தொழில் நடத்துகிறவர்களிடம் இரண்டு மூன்று கேள்விதான் கேட்பார்கள். போன வருஷம் இதே மாதத்தோடு பார்த்தால் இப்போது வியாபாரம் கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வரும் மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆள் சேர்ப்பீர்களா, புதிதாக எதுவும் வாங்குவீர்களா? கூடியது என்றவர்களின் சதவீதத்திலிருந்து குறைந்தது என்றவர்களின் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் அந்த எண். உதாரணத்துக்கு 20 பேரைக் கேட்டு 9 பேர் கூடியது, 6 பேர் அப்படியே, 5 பேர் குறைந்தது என்று சொன்னால் 45-இல் 25 போக மிச்சம் 20. உலகச் சுற்றுலா அமைப்பு தன் நிபுணர்களைக் கேட்டு 0 முதல் 200 வரையான அளவில் ஒரு எண் போடுகிறது, அதில் 100 நடுநிலை. நம் ஊரில் வணிக, தொழில் சபையும் காலாண்டுக் கணக்கில் இப்படி ஒரு குறியீடு வெளியிட்டு வந்திருக்கிறது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். “போன வருஷம் இதே மாதம்” என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, டிசம்பரையும் ஜூனையும் பக்கத்தில் வைத்தால் எந்தச் சுற்றுலாத் தொழிலும் செத்துப் பிழைத்த மாதிரிதான் தெரியும். இன்னொன்று, பல கணக்கெடுப்புகளில் நிறுவனத்தின் அளவுக்கு ஏற்பப் பதிலுக்கு எடை போடுவார்கள். 300 அறை உள்ள ஓட்டலின் ஒரு “கூடியது” எங்களைப் போன்ற ஐந்து அறை விடுதிகள் அறுபதின் பதிலுக்குச் சமமாகிவிடும். நாட்டுப் பொருளாதாரத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம், ஆனால் கரையோரத்துச் சின்ன ஊர்களின் நிலைமை அதில் தெரியாது.

2024-இல் பயணிகள் எண்ணிக்கை கொரோனாவுக்கு முந்தைய அளவுக்கே வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

வந்துவிட்டது, உண்மைதான். 2019-இல் சுமார் 13.8 லட்சம் பேர் வந்தார்கள், 2020-இல் அது 3.1 லட்சம், 2021-இல் 1.8 லட்சம், 2022-இல் கிட்டத்தட்ட 10 லட்சம், 2023-இல் 13 லட்சத்தை ஒட்டி, 2024-இல் மறுபடி 13.8 லட்சம். இந்த மீட்சி சாதாரணமானதில்லை, அதற்கு உழைத்தவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை.

ஆனால் இந்த எண்ணிக்கை விமான நிலையத்தில் இறங்கியவர்களின் எண்ணிக்கை. இறங்கியவர்களில் பெரும்பகுதி நேராக ஓட்டல் பஸ்ஸில் ஏறி வடக்கே கிரான் பே பக்கமோ, மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கமோ, கிழக்கே பெல் மார் பக்கமோ போய்விடுகிறார்கள். அதிலும் சாப்பாடு, குடி, விளையாட்டு எல்லாம் சேர்த்து முன்பணமாகவே கட்டிவிட்டு வருகிறவர்கள் ஓட்டல் வேலியைத் தாண்டுவதே அபூர்வம். விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. தலைக்கு மேலே விமானம் போகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அந்த விமானத்தில் வந்தவர் எங்கள் தெருவில் ஒரு டீ குடிப்பாரா என்பது வேறு கதை.

மற்ற கரைகளுக்கும் தென்கிழக்குக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

முதலில் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, இங்கே அதுதான் குளிர்காலம், தென்கிழக்குக் காற்று நேராக எங்கள் முகத்தில் அடிக்கும். மேற்கே தமரேனில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிற அதே நாளில் இங்கே படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். லகூனுக்குள் (கரைக்கும் பவளத் திட்டுக்கும் நடுவே உள்ள கடல்) ஓரளவு ஓட்டலாம், ஆனால் நனைந்து நடுங்கி வந்த பயணி நல்ல வார்த்தை எழுதமாட்டார். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிடும். அதனால் வடக்குக்காரருக்குக் குளிர்காலம் என்றால் கொஞ்சம் மந்தம், எங்களுக்குக் குளிர்காலம் என்றால் டிசம்பரில் சேர்த்ததை எடுத்துச் சாப்பிடுகிற காலம்.

இரண்டாவது, இங்கே பெரிய ஓட்டல்கள் குறைவு. புளூ பே கடற்பூங்கா (2008-இல் ராம்சார் என்கிற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம்), வனவிலங்கு அறக்கட்டளை பராமரிக்கிற எக்ரெட் தீவு, மாயேபூர் திங்கள் சந்தை, பழைய கிரான் போர் என்ற ஊர், இவற்றை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. மூன்றாவது, 2020 ஜூலை.

வகாஷியோ கப்பல் விபத்து நடந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்றே, இன்னுமா அதைப் பேசுகிறீர்கள்?

பேசத்தான் வேண்டும். விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2020 ஜூலை 25 அன்று ஜப்பானியருக்குச் சொந்தமான, பனாமா கொடி போட்ட அந்தச் சரக்குக் கப்பல் எங்கள் கரையில் பொயின்ட் தெஸ்னிக்கு எதிரே பவளத் திட்டில் ஏறி நின்றது. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது, நாங்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. கப்பலில் இருந்த சுமார் 4,000 டன் எரிபொருளில் ஏறக்குறைய 1,000 டன் லகூனுக்குள் வந்துவிட்டது, மிச்சத்தை இறைத்து எடுத்தார்கள். 15-ஆம் தேதி கப்பல் இரண்டாகப் பிளந்தது.

காற்று எண்ணெயை வடக்கே தள்ளியதால் புளூ பே பெருமளவு தப்பியது, எக்ரெட் தீவும் ரிவியேர் தே கிரியோலும் பழைய கிரான் போர் வரையான அலையாத்திக் கரையும் மாட்டிக்கொண்டன. கரும்புச் சோகையைத் துணிப்பையில் அடைத்துத் தைத்து, பிளாஸ்டிக் பாட்டில்களைக் கோத்து மிதவை செய்து, ஊர் முழுக்க வேலை செய்தது. நானும் மாயேபூர் கரையில் மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். பக்கத்தில் யார், எந்த மதம், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளில் கையில் ஏறிய எண்ணெய் வாசனை இரண்டு வாரம் போகவில்லை.

இதில் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த வருஷம் மார்ச் 19-இலேயே எல்லை மூடிவிட்டார்கள், வெளிநாட்டார் ஒருவரும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் சனி ஞாயிறில் வந்து போவதை வைத்துத்தான் படகுக்காரர்கள் மெல்லத் தலை தூக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் வந்ததும் லகூனையும் மூடினார்கள், மீன்பிடிப்பும் இல்லை, படகுச் சவாரியும் இல்லை. மற்ற கரைகளுக்கு ஒரு அடி விழுந்தது, எங்களுக்கு இரண்டு. எல்லை முழுதாகத் திறந்தது 2021 அக்டோபர் 1-இல். அதற்குள் பலர் எஞ்சினை விற்றிருந்தார்கள், சிலர் நகையை அடகு வைத்திருந்தார்கள், சிலர் கடலை விட்டே போய்விட்டார்கள். இன்றைக்கு வரும் வருமானத்தில் ஒரு பகுதி அந்தக் காலத்துக் கடனை அடைக்கப் போகிறது. “வியாபாரம் கூடியிருக்கிறதா?” என்று கேட்டால் கூடியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “புதிதாக ஏதாவது வாங்குவீர்களா?” என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நம்பிக்கையை அந்த இரண்டாவது கேள்வியில்தான் நான் பார்க்கிறேன்.

அரசாங்கம் உதவவில்லையா?

உதவியது. ஊரடங்கில் தனியார் நிறுவன ஊழியர்களுக்குச் சம்பள உதவித் திட்டம் இருந்தது, சுயதொழில் செய்கிறவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு மாதத்துக்கு 5,100 ரூபாய் (இங்கே நான் சொல்வதெல்லாம் மொரீசியஸ் ரூபாய்) கொடுத்தார்கள். அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்திருக்கும், இதை மறைக்கக் கூடாது. வளர்ச்சி வங்கி சின்னத் தொழில்களுக்குக் கடன் கொடுத்தது. பெரிய நிறுவனங்களுக்காக மத்திய வங்கி 2020-இல் 80 பில்லியன் ரூபாயில், அதாவது 8,000 கோடியில், தனி முதலீட்டு நிறுவனமே தொடங்கியது, ஓட்டல் குழுமங்கள் சில அதில் பணம் பெற்றன.

என் வருத்தம் ஒன்றுதான். ஓட்டலுக்குப் போனது முதலீடு, எங்களுக்கு வந்தது சாப்பாட்டுச் செலவு. படகு ஓடாமல் ஒன்றரை வருஷம் கரையில் கிடந்தால் மரம் வெடிக்கும், எஞ்சினில் உப்பு ஏறும். 5,100 ரூபாயில் அரிசி வாங்கலாம், அதைச் சரி செய்ய முடியாது.

ரூபாய் மதிப்பு இறங்கினால் சுற்றுலாக்காரர்களுக்கு நல்லதுதானே? நீங்கள் யூரோவில்தானே வாங்குகிறீர்கள்?

யூரோவில் வாங்குவது ஓட்டல். நாங்கள் பெரும்பாலும் ரூபாயில் விலை சொல்கிறோம், பல வருஷம் அதை ஏற்றவும் இல்லை. 2019-இல் ஒரு யூரோ சுமார் 40 ரூபாய், 2024-இல் 50 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. வெளிநாட்டுப் பயணிக்கு நாங்கள் மலிவாகிவிட்டோம், சரி. ஆனால் எஞ்சின், அதன் உதிரிப் பாகம், பெயின்ட், படுக்கை விரிப்பு, சமையல் எண்ணெய் எல்லாம் கப்பலில் வருகிறது, எல்லாம் ஏறிவிட்டது.

நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா வருமானம் 2019-இல் சுமார் 6,300 கோடி ரூபாய், 2024-இல் 9,000 கோடியைத் தாண்டிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. முதல் தொகையை 40-ஆலும் இரண்டாவதை 50-ஆலும் வகுத்துப் பாருங்கள், யூரோவில் 157 கோடி 180 கோடியாகி இருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் அந்த ஐந்து வருஷத்தில் விலைவாசி ஏறியதே, அதையும் கழித்தால் மிச்சம் சொற்பம். செய்தியில் “சாதனை வருமானம்” என்று படித்துவிட்டு நம் பையில் ஏன் அது தெரியவில்லை என்று குழம்புகிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கை இத்தனை தூரம் எழுதினேன்.

வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறார்களே, சம்பளம் குறைவா?

சம்பளம் ஏறித்தான் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் என்று நாடு முழுவதற்கும் ஒன்று வந்ததே 2018-இல்தான். 2023-இல் 11,575 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரியில் 16,500 ஆனது, ஒரே தாவலில் நாற்பது சதவீதத்துக்கு மேல். இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் அறை சுத்தம் செய்கிற அக்காவுக்கும் அரிசி விலை அதே விலைதான், 11,000 ரூபாயில் மூன்று பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து அறை விடுதியில் மூன்று ஆள் சம்பளம் ஒரே மாதத்தில் அப்படி ஏறும்போது குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்ற பயமும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன.

ஆள் கிடைக்காததற்குச் சம்பளம் மட்டும் காரணம் இல்லை. 2020-லும் 2021-லும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள் உல்லாசக் கப்பல் வேலைக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். சுற்றுலா என்றால் எந்த நாளும் நின்றுபோகும் வேலை என்று அவர்கள் அம்மா அப்பாவும் பார்த்துவிட்டார்கள். பெரிய ஓட்டல்கள் நேபாளம், வங்கதேசம், மடகாஸ்கர், இந்தியா என்று ஆள் எடுக்கின்றன. படகுக்கு அப்படி எடுக்க முடியாது, லகூனில் எங்கே பாறை, எந்த ஓதத்தில் எந்த வழி என்று தெரிந்த ஆள் வேண்டும், அது பத்து வயதிலிருந்து அப்பாவோடு போய்ப் பழகினால்தான் வரும்.

இரவுக்கு 3 யூரோ கட்டணம் வந்ததால் கூட்டம் குறைந்ததா?

2025 அக்டோபர் 1 முதல் 12 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 3 யூரோ வாங்கிக் கட்ட வேண்டும், ஓட்டலும் விடுதியும் எல்லாம் ஒன்றுதான். 3 யூரோவுக்காக வராமல் போகிறவர் இல்லை. எனக்கு உறுத்துவது அது எல்லோருக்கும் ஒரே தொகை என்பது. ஒரு இரவுக்கு 400 யூரோ வாங்குகிற இடத்திலும் 3, எங்களைப் போல 40, 50 வாங்குகிற இடத்திலும் 3. அறைக்கு இரண்டு பேர் என்றால் எங்கள் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. விலைக்கு ஏற்ப வைத்திருக்கலாம். அப்புறம், வாங்கி, எழுதி, வரித்துறைக்குக் கட்டுகிற வேலையும் இருக்கிறது, அதை எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு நான்தான் செய்கிறேன்.

முன்பதிவு நிறைய இருந்தால் நம்பிக்கை தானாக வந்துவிடாதா?

முன்பு வரும். ஆறு மாதம் முன்னால் பதிவு செய்து, பாதிப் பணம் அனுப்பி, சொன்ன தேதியில் வந்து நிற்பார்கள். இப்போது பெரும்பாலும் ஆன்லைன் தளம் வழியாகத்தான், இலவசமாக ரத்து செய்யலாம் என்று போட்டால்தான் தளம் நம்மை மேலே காட்டும், அதனால் எல்லோரும் அப்படியே போடுகிறோம், பயணி மூன்று இடத்தில் பதிவு செய்து வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் இரண்டை ரத்து செய்கிறார். காலண்டரில் நிறைந்திருக்கிற மாதம் நிறைந்த மாதம் இல்லை. தரகு 15 சதவீதத்தை ஒட்டிப் போகிறது, காசு கைக்கு வருவதும் பிறகுதான். ஆகவே பதிவு எத்தனை என்பதை விட எத்தனை நாள் முன்னால் வருகிறது, அதில் முன்பணத்தோடு வந்தது எத்தனை என்று பாருங்கள்.

ஏஜென்ட் மூலம் போனால் பாதுகாப்பா?

கூட்டம் நிச்சயம், பணம் நிச்சயமில்லை. மாதக் கடைசியில் பில் போட்டு, அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒரு டூர் ஏஜென்ட் எங்கள் கொழுந்தனுக்கு ஒரு சீசன் பணத்தை ஏழு மாதம் இழுத்தடித்தார். டீசல் கடைக்காரர் ஏழு நாள் பொறுக்கமாட்டார். புதிய ஏஜென்டிடம் முதல் மாதம் வாரா வாரம் பணம் கேளுங்கள், கொடுக்காதவருக்குப் படகை அனுப்பாதீர்கள். சொல்வது எளிது, அடுத்த படகுக்காரர் போய்விடுவார் என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ரெயூனியன்காரர்கள் காப்பாற்றுகிறார்கள் என்பது உண்மையா?

எங்கள் மாதிரி விடுதிகளுக்கு ரொம்ப உண்மை. மொத்தத்தில் பிரான்சிலிருந்துதான் அதிகம், நாலில் ஒருவர். ஆனால் பக்கத்துத் தீவிலிருந்து முக்கால் மணி நேர விமானத்தில் வருகிறவர்கள் வேறு ரகம். காரை வாடகைக்கு எடுப்பார்கள், எங்களைப் போலக் கிரியோல் மொழி பேசுவார்கள், சந்தைக்குப் போவார்கள், சின்ன விடுதியில் தங்குவார்கள். அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டிலும் விழுவதால் காற்றடிக்கிற காலத்தில் எங்கள் அறைகளில் விளக்கு எரிவது பெரும்பாலும் அவர்களால்தான். அங்கே மலபார் என்று அழைக்கப்படுகிற, தமிழ் வம்சாவளியான நம் ஆட்களும் குடும்பத்தோடு வருகிறார்கள், பாட்டி பெயரைச் சொல்லி இங்கே உறவு தேடுகிறவர்களும் உண்டு. 2025-இல் ரெயூனியனில் சிக்குன்குனியா பெரிதாகப் பரவியபோது அவர்கள் நிலைமையை நினைத்தும் கவலை, எங்கள் அறைகளை நினைத்தும் கவலை.

சூறாவளி?

நவம்பரிலிருந்து மே வரை மனசின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். 2024 ஜனவரி 15-இல் பெலால் சூறாவளி வந்தபோது தலைநகர் போர் லூயியில் கார்கள் மிதந்த படம் உலகம் முழுக்கப் போனது. இங்கே சேதம் அதை விடக் குறைவு, ஆனால் ரத்து செய்கிறவருக்கு எந்த ஊரில் வெள்ளம் என்ற கணக்கு கிடையாது. படகுக்குக் காப்பீடு எடுங்கள், நங்கூரக் கயிற்றை அக்டோபரிலேயே மாற்றுங்கள்.

இப்போது படகு வாங்கித் தொழில் தொடங்கலாமா?

இதை இளம் பையன்கள் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். தொடங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டிசம்பர் வருமானத்தை வைத்து மாதத் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். வருஷத்தில் எட்டு மாதம்தான் வருமானம் என்று வைத்து, அந்த எட்டு மாதத்தில் பன்னிரண்டு தவணையும் கட்ட முடியுமா என்று பாருங்கள். மத்திய வங்கியின் வட்டி 2020-இல் 1.85 சதவீதத்துக்கு இறங்கியது, 2022 முடிவதற்குள் 4.5 சதவீதம் ஆகிவிட்டது, வங்கி உங்களிடம் வாங்குவது அதற்கு மேல். வட்டி மாறும் கடனா, மாறாத கடனா என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த இரண்டு வருஷத்தில் நிறையக் கற்றுக்கொண்டார்கள்.

சுற்றுலா ஆணையத்தின் படகு உரிமம், ஓட்டுநர் உரிமம் இரண்டும் கையில் வந்த பிறகு எஞ்சின் வாங்குங்கள், முன்னால் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். முதல் குளிர்காலத்தை ஏற்கெனவே தொழிலில் இருக்கிற ஒருவரின் படகில் கூலிக்கு ஓட்டிப் பாருங்கள். ஆகஸ்டில் ஒரு வாரம் முழுக்கக் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம்.

எங்கள் ஊரில் நாங்களே இந்த நம்பிக்கையை அளக்க முடியுமா?

முடியும், செய்யுங்கள். பெரிய கணக்கெடுப்பு எங்களைத் தேடி வராது. பதினைந்து இருபது பேர் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே ஆட்களைக் கேட்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே வாரத்தில். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேளுங்கள். கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டால் “ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறது” என்பார்கள், கடன் கொடுத்தவர் பக்கத்தில் நிற்பாரே. அதே ஆள் மானியக் கூட்டத்தில் “ஒன்றும் இல்லை, நாசமாய்ப் போய்விட்டது” என்பார். இரண்டும் பொய் இல்லை, அவரவர் கவலை.

என்ன கேட்பது என்றால், அடுத்த மூன்று மாதத்துக்கு முன்பணத்தோடு வந்த பதிவு போன வருஷத்தை விடக் கூடியதா, குறைந்ததா என்று கேளுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பாக்கியில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்டது எவ்வளவு என்று கேளுங்கள், இதில் வருகிற பதில்தான் ஏஜென்டோடு பேச உங்கள் கையில் இருக்கிற ஆயுதம், ஒருவராகப் போனால் கேட்கமாட்டார்கள், இருபது பேரின் கணக்கோடு போனால் கேட்பார்கள். கடைசியாக, இரண்டு வருஷம் கழித்துப் பலன் தரும் எதற்காவது இந்த வருஷம் செலவு செய்வீர்களா என்று கேளுங்கள். எஞ்சின், கூரை, ஒரு பையனுக்குப் பயிற்சி, எதுவாகவும் இருக்கலாம். முதல் இரண்டில் நல்ல பதில் வந்து கடைசியில் இல்லை என்று வந்தால் வியாபாரம் இருக்கிறது, நம்பிக்கை இல்லை என்று அர்த்தம், இங்கே பல கரைகளின் நிலைமை அதுதான் என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம், உங்களைப் போன்றவர்களுக்கு உதவுகிற மாதிரி எப்படி வருவது?

கேட்டதற்கே நன்றி. ஏழு நாள் வருகிறீர்கள் என்றால் இரண்டு நாளாவது ஓட்டலை விட்டு வெளியே தங்குங்கள். விடுதிக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள், தரகு போகிற பணத்தில் உங்களுக்கும் கொஞ்சம் குறைப்பார்கள். தென்கிழக்குக்கு அக்டோபர், நவம்பர் நல்லது, காற்று இறங்கியிருக்கும், டிசம்பர் விலையும் இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ இங்கே செல்லும், ஆனால் எல்லாச் சின்னக் கடையிலும் இருக்காது, கொஞ்சம் மொரீசியஸ் ரூபாய் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள்.

சைவச் சாப்பாடு கவலையே வேண்டாம். வீட்டுச் சாப்பாடு போடுகிற இடங்களில் ஒரு நாள் முன்னால் சொன்னால் வாழையிலையில் ஏழு காய்கறிக் கறி போடுவார்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் முடித்துச் சாப்பிடுவோமே, அதே சாப்பாடு. கிரியோலில் “செத் காரி” என்று கேட்டாலும் புரியும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, அந்த வாரம் வருகிறவர்கள் படகை மறந்துவிடுங்கள், படகுக்காரரும் காவடி எடுக்கப் போயிருப்பார்.

சரி, உங்கள் வீட்டு நிலவரம் என்ன?

மூன்று அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டோம், இரண்டு அறை அடுத்த அக்டோபருக்கு. கூரையைத் தொடவில்லை. கொழுந்தன் பழைய எஞ்சினையே இன்னொரு முறை பிரித்துச் சரி செய்து ஓட்டுகிறார், புதியதுக்கு விலை விசாரித்துவிட்டு வந்தார், வாங்கவில்லை. அவர் மகனுக்குப் பதினேழு வயது, ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கட்டுமா, கப்பல் வேலைக்கு விண்ணப்பம் போடட்டுமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் தானாகவே படகை எடுத்துக்கொண்டு போய் எட்டுப் பேருக்குப் பவளப்பாறை காட்டிவிட்டு வந்தான்.